புதுச்சேரி வீடு: கீழே திண்ணை, மேலே வளைவு சன்னல். இரண்டும் ஒரே காலமா?

முற்றத்துவெயில்:
ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் உள்ள மாடிவீடு. கீழ்த்தளம் அச்சு அசல் தமிழ் வீடு: தாழ்வாரம், திண்ணை, ரேழி (வாசலிலிருந்து உள்ளே போகும் நடை), மரத்தூண் நிற்கும் முற்றம். மாடியிலோ வளைவு சன்னல், சுவரோடு ஒட்டிய அரைத்தூண், சாய்பலகைக் கதவு. மாடி பிற்பாடு ஏற்றியதா, சேர்த்தே கட்டியதா, எப்படித் தெரிந்துகொள்வது? தெருப்பக்கச் சுவரில் மூன்றடி உயரம்வரை பூச்சு உப்பிப் பொருக்காக உதிர்கிறது. சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். சரிதானா?

செங்கல்ஜல்லி:
கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்பதாலேயே மாடி பிந்தியது என்று முடிவு கட்டாதீங்க. 1738-இல் கட்டிய, நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையிலேயே கீழே மரத்தூண், மேலே காரை பூசிய செங்கல் தூண். கலப்பு அவ்வளவு பழசு. ஆனால் 1761-இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தள்ளினார்கள். 1765-க்குப் பிறகுதான் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து கட்டினார்கள். அதனால் பெரும்பாலான வீடுகள் அதற்குப் பிந்தியவைதான்.

முதலில் படிக்கட்டைப் பாருங்க. சேர்த்துக் கட்டியதென்றால் படிக்கு என்று தனி இடம் விட்டிருப்பார்கள். பிற்பாடு ஏற்றியதில் ரேழி மூலையைக் குடைந்து செருகியிருக்கும், உத்திரத்தை வெட்டிய தடமும் தெரியும். அடுத்து, மாடிச் சுவர் கீழ்ச்சுவருக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கா, விட்டத்தின் நடுவில் ஏறியிருக்கா என்று பாருங்க. மாடித் தரையிலிருந்து இரண்டரை, மூன்றடி உயரத்தில் சுவர் நெடுகப் படுக்கைவாக்கில் ஒரே விரிசல் ஓடினால், அது பழைய மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் முடிந்த இடம். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கலையும் அளந்து பாருங்க. கீழே மெல்லிசுக் கல், மேலே தடிக்கல் என்றால் காலம் வேறு.

காலம் கணிக்கத் தாழ்வாரக் கூரை ஓடுகளை நம்பாதீங்க. மங்களூர் ஓடே 1865-க்குப் பிறகு வந்ததுதான். நாட்டு ஓடுகளை எடுத்துவிட்டு அதைப் போட்டவர்கள் ஏராளம்.

கடுக்காய்த்தண்ணி:
மேலே சொன்னதோடு ஒன்று. 'பிரெஞ்சு ஊர்' என்கிறோம், நேர்கோட்டுத் தெருக்களின் வரைபடம் டச்சுக்காரர்களுடையது. 1693 முதல் 1699 வரை ஊர் அவர்கள் கையில். கட்டுமான முறையோ நம்மூர்க் கொத்தனாருடையது. வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சு மாளிகையிலும் மரக்கட்டைமேல் செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம்தான், சுண்ணாம்புக் காரைதான். வேறுபாடு தெருவைப் பார்க்கும் முகத்தில். அங்கே உயர்ந்த மதில், கேட், தோட்டம், பிறகுதான் வீடு. இங்கே திண்ணை தெருவோடு பேசும். மாடி முகப்பு மட்டும் நாகரிகத்துக்கு வேஷம் கட்டியது.

இது சிமென்ட் கேள்விக்கும் பதில். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே காய்ந்துவிடும். சிமென்ட் அதை அடைக்கும். ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சுக்குப் பின்னால் உப்பு பூத்து, செங்கலையே மாவாக்கும். மூன்றடி பிரச்சினை ஐந்தடியாகும்.

செய்ய வேண்டியது: முதலில் காரணம். ரோடு போட்டுப் போட்டுத் தெரு மட்டம் வீட்டைவிட உயர்ந்திருக்கா, மழைநீர்க் குழாய் சுவரடியில் கொட்டுதா? அதைச் சரிசெய்யாமல் பூசுவது வீண். பிறகு ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை பழைய பூச்சைக் கொத்தி, செங்கல் இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டுங்க. உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டணும். தண்ணீர் ஊற்றினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். நீற்றுச் சுண்ணாம்பைப் பதினைந்து நாளாவது தண்ணீரில் ஊறவிட்டு, 1:2 விகிதத்தில் ஆற்று மணலோடு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைக்கணும். கடல் மணல் கூடவே கூடாது. ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போனால் வெடிக்கும். இரண்டு வாரம் ஈரச்சாக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடவே வேண்டாம்.

முற்றத்துவெயில்:
நன்றி. அரைத்தூணின் வரிகள் மழுங்கிப் போயிருக்கே? மேலே எமல்ஷன் அடிக்கலாமா?

செங்கல்ஜல்லி:
எமல்ஷனும் சிமென்ட் மாதிரிதான், ஈரத்தை அடைக்கும். சுண்ணாம்பு வெள்ளைதான், மூன்று கை. வரிகளுக்கு, கொத்துவதற்கு முன்பே நல்லா இருக்கும் ஒரு தூணில் அட்டையை வைத்து வளைவைப் பிரதி எடுத்து, தகரத்தில் அச்சு வெட்டி வைச்சுக்குங்க. ஈரக்காரையில் மரச்சட்டத்தை ஒட்டி அதை மேலிருந்து கீழே இழுத்தால் பழைய வரி அப்படியே வரும். கொத்தின பிறகு அளவுக்கு எங்கே போவீங்க?