தொட்டி மாதுளை: மனத்தை விட்டு அகலாத அந்த ஒரு காய்

மேடவாக்கம் மொட்டைமாடி:
18 அங்குலத் தொட்டியில் 3 ஆண்டுகளாக வளரும் பகவா ரகச் செடியில் இம்முறைதான் 5 காய்கள் நின்றன. அவற்றுள் பெரியதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, காம்புக்குச் சற்றுக் கீழே ஒரு துளையையும், அதை அடைத்தாற்போல் இருந்த கறுத்த, தட்டையான பொத்தான் போன்ற ஒன்றையும் கண்டேன். ஈர்க்குச்சியால் தொட்டதும் அந்தப் பொத்தான் உள்ளே நகர்ந்துவிட்டது. காய்த்துளைப்பான் புழு தன் பின்புறத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது. அறுத்தபோது வந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது.

வடவள்ளி வாசகி:
துளைப்பான் வருவதற்கு முதலில் காய் வேண்டுமே! எங்கள் வீட்டில் தினமும் காலையில் கூட்டினால் ஒரு முறம் சிவப்புப் பூக்கள் சேரும். தேமோர்க் கரைசல், மீன் அமிலம், பெருங்காயம் என்று யார் எதைச் சொன்னாலும் தெளித்தேன். ஒருநாள் உதிர்ந்த பூக்களைத் தரையில் வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான், அவை அனைத்தும் அடி குறுகி மணி போல இருந்ததையும், செடியில் எஞ்சிய 2 பூக்கள் மட்டும் அடி பருத்துக் குடம் போல இருந்ததையும் கவனித்தேன். மணி வடிவப் பூக்கள் ஆண் பூக்கள். அவை உதிர்ந்தே தீரும். அதற்காக நான் செய்த செலவை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

சேலத்துக்காரர்:
வடவள்ளி அம்மையாரின் கருத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. குடப் பூக்களும் உதிரும். வேரில் நீர் தேங்கினாலும் உதிரும், மண் ஒரேயடியாகக் காய்ந்தாலும் உதிரும். என் கதை சுருக்கமானது: ஊருக்குப் போய்ப் 10 நாள் தண்ணீர் விடாமல் இருந்தேன், திரும்பிய இரவே ஐப்பசி மழை கொட்டியது, விடிந்து பார்த்தால் 3 காய்கள் வாய் பிளந்து நிற்க, உள்ளே எறும்புகள் பந்தி போட்டிருந்தன. ஆகவே அனைவரும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காய்கள் முற்றும் காலத்தில் தண்ணீரைச் சிறிது சிறிதாக, ஆனால் சீராகக் கொடுங்கள். தொட்டியின் மண்மேல் தென்னை மட்டைத் துகளையோ சருகையோ பரப்புங்கள். அடியிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளை உடனுக்குடன் நறுக்கி, 3 அல்லது 4 தண்டுகளை மட்டும் விடுங்கள். கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் போட்டு அதே ரகத்தை எதிர்பார்க்காதீர்கள். பதியன் கன்றே வாங்குங்கள். காய் எலுமிச்சை அளவுக்கு வருமுன்பே மெல்லிய துணிப்பை கட்டிவிட்டால், மேடவாக்கம் நண்பருக்கு நேர்ந்தது நேராது.

மேடவாக்கம் மொட்டைமாடி:
நன்றி ஐயா, பை கட்ட வேண்டும் என்பதை இப்போது நானும் அறிவேன். என்னை உறுத்துவது வேறு. பூத்திருந்த சமயத்தில் பழுப்புச் சிறகில் ஆரஞ்சுத் திட்டுள்ள ஒரு பட்டாம்பூச்சி அந்தச் செடியையே சுற்றிச் சுற்றி வந்தது. அதை விரட்டப் போன பேத்தியின் கையைப் பிடித்து, "பாவம், விடு கண்ணு" என்று தடுத்தவன் நான்தான். அது முட்டையிட வந்த தாய்ப்பூச்சி.