ஐப்பசியில் ஒழுகின ஓடு: வாடகை வீட்டு ரிப்பேரில் உங்கள் அனுபவம் என்ன?

கும்பகோணம் குடித்தனம்:
நாலு வருஷமாக ஒரு பழைய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். திண்ணை, ரேழி, முற்றம் எல்லாம் உண்டு. வாடகை 7,000. சித்திரையில் குடி வந்தபோது வீடு அவ்வளவு குளுமை. ஐப்பசி பிறந்ததும்தான் தெரிந்தது. முற்றத்து மூலையில், இரண்டு பக்கச் சாய்வும் கூடுகிற இடத்தில் ஓடு வெடித்திருக்கிறது. தண்ணீர் சுவர் வழியாக இறங்கி, மாமியார் படுக்கிற இடம் வரை ஓதம். அவர்களுக்கு ஆஸ்துமா வேறு. ராத்திரி மூணு மணிக்கு அண்டாவையும் வாளியையும் மாற்றி மாற்றி வைப்போம்.

வீட்டுக்காரர் சென்னையில். போன் செய்தால், "பழைய வீடுன்னா ஒழுகத்தாம்மா செய்யும், குடியிருக்கறவங்கதான் பாத்துக்கணும்" என்பார். மூன்று தடவையும் இதே பதில். திருப்பிச் சொல்ல ஒன்றும் தெரியாமல் நின்றதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

எதிர் வீட்டு வக்கீல் அண்ணன்தான் விளக்கினார். பழைய 1960-ம் வருஷச் சட்டம் போய், 2017-ல் கொண்டுவந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறதாம். யார் எதைச் செய்யணும் என்று அதில் ஒரு பட்டியலே உண்டு. கூரை, சுவர் மாதிரி கட்டுமான வேலை, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் பெயின்ட், பைப் லைன், ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பாடு. டேப், வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி நம்ம பாடு. நாம் உடைத்தது எதுவானாலும் நம்ம செலவுதான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோமா என்பதையும் பார்க்கச் சொன்னார். வீட்டுக்காரர் செய்ய மறுத்தால் நாமே செய்து வாடகையில் கழிக்கலாம். "ஆனா எழுதிக் கேக்காம கழிச்சீங்கன்னா, நாளைக்கு அது வாடகை பாக்கின்னு நிக்கும்மா" என்றார்.

ஒழுகும்போது எடுத்த போட்டோ, கொத்தனார் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட், ஒரு கடிதம். மூன்றையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பத்தே நாளில் அவரே கூப்பிட்டார். "இவ்வளவு மோசம்னு தெரியலம்மா" என்றார். அவர் வீட்டைப் பார்த்தே பல வருஷம் ஆகிறது, படத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது போல. மொத்தச் செலவு 9,000. மாதம் 3,000 வீதம் மூன்று மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். அதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்தேன்.

ஓடு வேலை சுலபமில்லை. புது ஓடு பழைய நாட்டு ஓட்டோடு படியாது. இடிக்கிற வீடு ஒன்றிலிருந்து கொத்தனார் பழைய ஓடு பொறுக்கி வந்தார். மழை இரண்டு நாள் விட்ட இடைவெளியில் மாற்றி முடித்தார்.

மாயவரத்து வீட்டுக்காரி:
நான் வாடகைக்கு விடுகிற பக்கம். எங்கள் மாடியில் பாத்ரூம் சுவருக்குள் பைப் கசிந்திருக்கிறது. அங்கே குடியிருக்கிற பொண்ணு எட்டு மாசம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூச்சு உதிர்ந்து, நிலைக்கதவில் கரையான் ஏறின பிறகுதான் தெரிந்தது. அறுநூறு ரூபாயில் முடிகிற வேலைக்கு 22,000 கொடுத்தேன். ஏன் சொல்லலை என்று கேட்டால், "சொன்னா வாடகை ஏத்திடுவீங்களோன்னு பயமா இருந்துச்சுக்கா" என்றது அந்தப் பொண்ணு. காசு போனதைவிட அந்தப் பயம்தான் என்னை உறுத்தியது. இப்போது வருஷா வருஷம் புரட்டாசியில், முதல் நாளே சொல்லிவிட்டுப் போய், மழைக்கு முன்னாடி எல்லா மூலையும் பார்த்துவிட்டு வருகிறேன். நம்ம வீடுதானே என்று சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழையக்கூடாது. 24 மணி நேரம் முன்னாடி தகவல் கொடுக்கணும் என்று சட்டமே சொல்கிறது.

திருவாரூர் எலெக்ட்ரீஷியன்:
சுவிட்ச் உங்க செலவு, சரி. ஆனா ஒரே சுவிட்ச் ரெண்டாவது தடவையும் கருகுதுன்னா, உள்ள ஒயரைப் பாக்கச் சொல்லுங்க. போன மாசம் ஒரு வீட்டுல மூணு சுவிட்ச் மாத்திட்டாங்க, பாவம். திறந்து பாத்தா ஒயர் அத்தனையும் உளுத்துப் போயிருக்கு, எர்த்தும் இல்ல. ஓதச் சுவர்ல கை வெச்சா ஷாக் அடிக்கிற நிலைமை. அது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை. தள்ளிப் போடாதீங்க, வீட்டுல குழந்தைங்க இருக்கும்.

நாகை:
கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16 விடிகாலையில் எங்கள் வாடகை வீட்டுக் கூரை மொத்தமும் பறந்துவிட்டது. அடுத்த தெருவில் இருந்த வீட்டுக்காரருக்கும் அதே கதி. கையில் காசில்லை என்றார். நாங்கள் தகரம் வாங்கினோம், அவரும் மகனும் ஏறி அடித்தார்கள். கணக்கை ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மூன்று வருஷம் கழித்து வீடு காலி பண்ணினபோது அட்வான்ஸ் முழுசும் கொடுத்தார். அந்த நோட்டைத் திறந்து பார்த்து, தகரக் காசையும் சேர்த்துத்தான் கொடுத்தார்.