வெட்டிவேர் அத்தர் கலக்க உதவி வேண்டும்

டெல்லித் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம். அக்கா கல்யாணத்துக்கு நானே ஒரு வாசனைத் தைலம் கலந்து தரப் போகிறேன். வெட்டிவேர், மல்லிகை, எலுமிச்சை மூன்றும் ஹோஹோபா எண்ணெயில். எலுமிச்சை வாசம் சீக்கிரமே பறந்துவிடுகிறது, வெட்டிவேர் மட்டும் மணிக்கணக்கில் நிற்கிறது. எலுமிச்சையைக் கூட்டலாம்தான். ஆனால் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெய் பூசி வெயிலில் போனால் சருமம் வெந்து கறுக்கும், அதுவும் டெல்லி மே மாத வெயில்! ஆவியில் வடித்த எலுமிச்சை எண்ணெயில் அந்தப் பயம் இல்லை. அது இங்கே எங்கே கிடைக்கும்? அப்புறம், சாந்தினி சவுக் தரீபா கலான் பக்கம் அத்தர் வாங்கிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: கன்னோஜிலிருந்து வரும் ரூஹ் கஸ் (வெட்டிவேர் எண்ணெய்தான்), கலப்படமில்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது? 10 மில்லிக்கு எது எத்தனை சொட்டு? அக்காவுக்கு மென்மையான சருமம், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்களேன்.