டிக்ஸுக்கு எந்த மாத்திரை? உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

கோவை_அம்மா:
பையனுக்கு ஒன்பது வயது, டிக்ஸ், அதாவது தன்னை மீறித் திரும்பத் திரும்ப வரும் அசைவும் சத்தமும். கண் சிமிட்டலில் ஆரம்பித்து தோள் குலுக்கல், அப்புறம் அந்தச் செருமல், இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதலில் குளோனிடின் கொடுத்தார்கள், வகுப்பில் தூங்கி விழுந்தான். மெதுவாகக் குறைத்து நிறுத்திவிட்டு ரிஸ்பெரிடோன், அரை மில்லிகிராம். இரண்டே வாரத்தில் செருமல் காணவில்லை. கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

சொல்ல வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி. பதினொரு மணிக்குச் சமையலறையில் சத்தம். போய்ப் பார்த்தால் இருட்டில் தரையில் உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றி வைத்திருந்த பழைய சோற்றைக் கையால் அள்ளித் தின்றுகொண்டிருக்கிறான். எட்டு மணிக்குத்தான் ஆறு சப்பாத்தி சாப்பிட்டான். என்னைப் பார்த்ததும் திருடனைப் போலக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "பசிக்குதும்மா, வயிறு ரொம்பவே மாட்டேங்குது." மூன்று மாதத்தில் ஆறு கிலோ, பள்ளிக்கூட டிரவுசருக்குப் பட்டன் போட முடியவில்லை, நானோ அதுவரை "இப்பதான் நல்லா சாப்பிடறான்" என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அரிபிப்ரசோலுக்கு மாற்றலாம் என்கிறார் டாக்டர். மாற்றியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எடை இறங்கியதா?

வைகைக்கரை:
எங்களுக்கு ஹாலோபெரிடால். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, பழைய மருந்து, விலை குறைவு, கேட்கும் என்று எழுதினார்கள். கேட்கவும் செய்தது. மூன்றாம் நாள் ஊருக்குப் போகிற பஸ்ஸில் பையன் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, கண் இரண்டும் மேலே செருகி நிற்கிறது, நாக்கு தடித்து வார்த்தை வரவில்லை, ஆனால் நினைவு மட்டும் தெளிவாக இருக்கிறது, என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தான். பின் சீட்டுக்காரர் வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார், இன்னொரு அம்மா வேப்பிலை கேட்கிறார். நடுவழியில் இறங்கி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போனோம். பினெர்கான் ஊசி போட்டு அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேராகிவிட்டது. "இந்த மருந்தில் இப்படி வரும், பையன்களுக்கு முதல் சில நாளில் அதிகம்" என்று அங்கே இருந்த டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். அந்த ஒரு வரியை மாத்திரை எழுதிய அன்றே சொல்லியிருந்தால்? ரிஸ்பெரிடோனிலும் இது வரலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

மலைக்கோட்டை:
அக்கா, குளோனிடினை அவ்வளவு சீக்கிரம் தள்ள வேண்டாம், என் மகளுக்கு (11) அதுதான் கைகொடுத்தது. நூறு மைக்ரோகிராம் மாத்திரையை பிளேடால் நாலாக்க வேண்டும், பாதி தூளாகிவிடும். மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது பிரஷர் மாத்திரையாச்சே, வீட்ல பெரியவங்களுக்கா?" என்று வரிசையே கேட்கும்படி கேட்டார். அவள் பக்கத்தில்தான் நின்றாள். வீடு வரும்வரை "எனக்கு பிரஷரா?" என்று ஒரே கேள்வி.

ஆனால் அவர் கேட்டதிலும் விஷயம் இருந்தது. பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போனபோது அட்டையை மறந்துவிட்டோம், டிக்ஸ் மாத்திரைதானே, இரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்று விட்டேன். இரண்டாம் நாள் தலைவலி, வியர்வை, நெஞ்சில் கை வைத்தால் கோழிக்குஞ்சைப் பிடித்ததுபோல அடித்துக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறுமாம். இப்போது கைப்பையில் ஒரு அட்டை, ஸ்கூட்டரில் ஒரு அட்டை.

ஓய்வு_வாத்தியார்:
வைகைக்கரை, பஸ் கதையெல்லாம் எழுதிப் புதிதாக வருகிற பெற்றோரைப் பயமுறுத்தாதீர்கள். மலைக்கோட்டை அம்மா, உங்களுக்கும் ஒன்று. மருந்து கைகொடுத்தது என்கிறீர்களே, எப்படித் தெரியும்? டிக்ஸ் ஏறும், இறங்கும். ஏறி உச்சியில் நிற்கும்போதுதான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம், அப்போது வெல்லத்தைக் கொடுத்தாலும் அடுத்த மாதம் இறங்கியிருக்கும். என் பேரனுக்கு மாத்திரையே இல்லை, பயிற்சியிலேயே அடங்கியது. அதைத்தான் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டும். டிக் வருவதற்கு முன்னால் உள்ளே ஒரு அரிப்பு மாதிரி வருமே, அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கப் பழக்குவார்கள், வந்ததும் அதற்கு எதிரான ஒரு அசைவு. செருமலுக்கு மூக்கால் மெதுவாக மூச்சு, தோள் குலுக்கலுக்கு முழங்கையை உடம்போடு ஒட்டி அழுத்துவது. 2010இல் அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரை 126 பிள்ளைகளிடம் பார்த்தார்கள். பத்து வாரத்தில் பயிற்சி எடுத்தவர்களில் பாதிக்குச் சற்று மேல் தேறினார்கள், வெறும் ஆறுதலும் விளக்கமும் பெற்றவர்களில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொன்று, டூரெட்டுக்கென்று (அசைவு டிக்ஸும் சத்த டிக்ஸும் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் நீடிப்பது) அந்த நாட்டில் அனுமதி பெற்றவை ஹாலோபெரிடால், பிமோசைடு, அரிபிப்ரசோல் மூன்றுதான், கடைசியாகச் சொன்னது 2014இல், 6 வயதுக்கு மேல். குளோனிடினுக்கு அந்த அனுமதி கிடையாது, இருந்தும் பல டாக்டர்கள் அதைத்தான் முதலில் எழுதுகிறார்கள், பக்கவிளைவு லேசு என்பதால். "செருமாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள், சொன்னால் கூடும்.

மலைக்கோட்டை:
சார், அந்தப் பயிற்சி தருகிறவர் எங்கள் ஊரில் யார் என்று சொல்லுங்கள், நாளைக்கே போகிறேன். மூன்று டாக்டரிடம் கேட்டாயிற்று. வெல்லம் எங்கள் வீட்டில் நிறைய இருக்கிறது.

ஸ்கார்பரோ_அக்கா:
என்ர பெடியனுக்கு இங்க பிமோசைடு. தொடங்க முதலே ஈசிஜி எடுத்தவை, கூட்டும்போதும் எடுத்தவை. ஒருநாள் இருமலுக்கு வேற கிளினிக்கில கிளாரித்ரோமைசின் எழுதித் தந்திட்டினம். நான் வீட்ட வந்து கோட்டுக்கூடக் கழட்டேல்ல, மருந்துக்கடைப் பிள்ளை போன் எடுத்து, "அம்மா, வாங்கின மருந்தைக் குடுக்க வேண்டாம், இரண்டும் சேர்ந்தா இதயத் துடிப்பு குழம்பும்" எண்டு சொல்லுது. கவுண்டரில தந்தபிறகுதான் கணினியில பார்த்ததாம், அழுற குரல். வேற டொக்டரிட்டப் போனா மருந்துப் பட்டியலைக் கொண்டு போங்கோ.

பழைய_செருமல்:
எனக்கு 24. நீங்கள் எல்லாம் பெற்றோர், நான் விழுங்கியவன். பிளஸ் டூ சமயம் டோபிராமேட் சாப்பிட்டேன். கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என் கையில் இருந்ததைக் காட்டி, இது என்ன என்றார். தெரியும். இரண்டு வருஷமாக வாயில் வைத்து உறிஞ்சிய சாமான். பெயர் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு டிக்கும் இல்லை, கல்லைப்போல நின்றேன். சிமிட்டிக்கொண்டாவது இருந்திருந்தால் பரிதாபப்பட்டிருப்பார். ஹாலில் இருந்து வெளியே வந்து செருப்பு மாட்டும்போது வந்தது, பிப்பெட். அந்த மருந்தில் வார்த்தை தட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. வாத்தியார் சொன்னதில் ஒன்று சரி, டிக்ஸ் ஏறும், இறங்கும். பத்துப் பன்னிரண்டு வயதில்தான் உச்சம், எனக்கு இப்போது களைத்தால் மட்டும் செருமல். ஆனால் அந்தப் பன்னிரண்டு வயதில் ஏழாம் வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்ததே, அப்போது மாத்திரை இல்லாமல் நான் பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டேன்.

கோவை_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. அரிபிப்ரசோல் ஆரம்பித்து நாலு நாள். டிவி முன்னால் உட்கார முடியாமல் ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறான், இது டிக்கா மருந்தா என்று புரியவில்லை, டாக்டருக்குப் போன் செய்திருக்கிறேன். நேற்று ஒரு தோசையை மிச்சம் வைத்தான்.

எடை இறங்கியதா என்று கேட்டிருந்தேன், யாருமே சொல்லவில்லையே?