மகளுக்கு நீட்: திருவனந்தபுரத்துக் கோச்சிங்கா, வீட்டு டியூஷனா?

குழித்துறை அம்மா:
மகள் ஆறாம் வகுப்புல இருந்தே அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். இப்ப பிளஸ் ஒன் முடிக்கப்போறா. பயாலஜி நல்லா படிப்பா, ஃபிசிக்ஸ்னா பயம். திருவனந்தபுரத்துல ஒரு கோச்சிங் சென்டர்ல, 'பள்ளியை மாத்திட்டு எங்க ஹாஸ்டல்ல சேருங்க, பிளஸ் டூவும் என்ட்ரன்ஸும் சேர்த்தே நடத்துறோம்'னு சொல்றாங்க. இங்க ரிட்டையர் ஆன ஃபிசிக்ஸ் சார் ஒருத்தர் வீட்டுக்கு வந்து எடுக்கேன்னு சொல்லியிருக்காரு. அவ அப்பா கோச்சிங்தான்னு நிக்காரு. எனக்கு மனசு ஒப்பலை. நீங்க என்ன சொல்றீங்க?

களியக்காவிளை அப்பா:
கோச்சிங்குக்கு அனுப்புங்க அக்கா. நீட்ல 180 நிமிஷத்துல 180 கேள்வி. சரியான பதிலுக்கு 4 மார்க், தப்புக்கு 1 போகும். பாடம் தெரிஞ்சா மட்டும் போதாது, எந்தக் கேள்வியை விட்டுட்டு நகரணும்னும் தெரியணும். வீட்டுல சார் பக்கத்துல உக்காந்து 'ம், அடுத்து?'ன்னு கேட்டா எந்தப் பிள்ளையும் கணக்கைப் போட்டுரும். பரீட்சை ஹால்ல அந்த 'ம்' கிடைக்காது. என் மகன் கோச்சிங்லதான் படிச்சான். வாராவாரம் வட்டத்தைக் கருப்பாக்குற ஓஎம்ஆர் தாள்ல எழுதி எழுதித்தான் அவனுக்கு நேரம் கைக்குள்ள வந்தது. கூடப் படிக்கிற பிள்ளைக எவ்வளவு வாங்குதுன்னு பாக்கும்போது வர்ற வேகம் வீட்டுல வராது.

நாகர்கோவில் டீச்சர்:
கோச்சிங்கா டியூஷனாங்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும் அக்கா. பள்ளியை மட்டும் மாத்தாதீங்க. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டுல 2020ல இருந்து மருத்துவ இடங்கள்ல 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கு. பிளஸ் டூவைத் தனியார்ல படிச்சா அந்த உரிமை போயிரும். அந்த ஒதுக்கீட்டுல சேர்றவங்களுக்குக் கட்டணத்தையும் அரசே கட்டுது. இத்தனை வருஷம் படிச்சு அவ சம்பாதிச்சதை ஒரு வருஷ ஹாஸ்டலுக்காக விட்டுராதீங்க. இதை அந்த சென்டர்க்காரங்க உங்ககிட்ட சொன்னாங்களா?

அடுத்தது, அங்க வகுப்பு மலையாளமும் இங்கிலீஷும் கலந்துதான் ஓடும். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் கேட்டுப் பழக்கம்தான். ஆனா பஸ்ஸில பேசுறது புரியும், ஃபிசிக்ஸ் நடத்தினா புரியணுமே.

களியக்காவிளை அப்பா:
7.5 விஷயத்தை ஒத்துக்கறேன், பள்ளி மாத்தாண்டாம். ஆனா வாரக்கடைசி பேட்ச் இருக்கே! குழித்துறையில ரயில் ஏறினா போயிட்டு வந்திரலாம். டீச்சர், அந்த சார் ஃபிசிக்ஸுக்கு மட்டும்தான். மொத்தம் 720 மார்க்ல அது 180. மீதியை யார் பாப்பா?

செங்கோட்டைப் பொண்ணு:
நான் கேரளாவுல ரிப்பீட்டர் பேட்ச்ல, அதாவது நீட்டை மறுபடி எழுதுறவங்களுக்கான வகுப்புல படிச்சவ. டெஸ்ட் எல்லாம் ரொம்ப நல்லா வச்சாங்க, அது இல்லாம எனக்கு மார்க் ஏறியிருக்காது. வகுப்பு அப்படி இல்ல. மார்க் வச்சு பேட்ச் பிரிச்சாங்க. பின்னால இருந்த எங்களுக்கு எது தப்புன்னு தெரிஞ்சது, ஏன் தப்பாச்சுன்னு யாரும் கூட உக்காந்து பாக்கலை. ஃபார்முலா தெரியாததா, அலகை மாத்தாம விட்டதா, 'தவறானது எது'ன்னு கேட்டதைக் கவனிக்காததா? மூணையும் மூணு விதமாத்தான் சரிபண்ணணும். ஃபிசிக்ஸ்னா பயப்படுற பிள்ளை அத்தனை பேர் நடுவுல எழுந்து சந்தேகம் கேக்காது அக்கா.

நாகர்கோவில் டீச்சர்:
அண்ணா, பயாலஜி மட்டும் 90 கேள்வி, 360 மார்க். மத்திய பாடத்திட்டத்து என்சிஇஆர்டி புத்தகத்தை வரிவரியா படிச்சா பெரும்பாலும் வந்துரும், அதுக்கு ரயில் ஏற வேண்டாம். அதை முக்கால் மணி நேரத்துல முடிக்கப் பழகினா மத்த ரெண்டுக்கும் ரெண்டேகால் மணி நேரம் மிஞ்சும். அக்கா, ஒரு ஞாயித்துக்கிழமை பழைய வினாத்தாள்கள்ல இருந்து பிளஸ் ஒன் பாடக் கேள்விகளா 180 எடுத்து, மதியம் 2 மணிக்குக் குடுத்து 5 மணிக்கு வாங்குங்க. மார்க் எங்க போகுதுன்னு பாத்துட்டு ஆளைத் தேடுங்க. அந்த சார் நீட் கேள்வி நடத்தினவரா, போர்டு பரீட்சைக்கு மட்டும் எடுத்தவரான்னும் கேளுங்க. போர்டுக்கு அருமையா எடுக்கிற எல்லாரும் இதுக்குச் சரிவர மாட்டாங்க.

களியக்காவிளை அப்பா:
அது சரி. அவ அப்பா பிடிவாதமா கோச்சிங்னே சொன்னா மொத்தப் பணத்தையும் ஒரே தடவையா கட்டாதீங்க. பாதியில விலகினா மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளுக்குள்ள திருப்பித் தரணும்னு மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில வழிகாட்டுதல் போட்டுச்சு. வழிகாட்டுதல்தான், சட்டம் இல்ல. அதனால பணம் கட்டும்போதே அதை எழுத்துல வாங்கிடணும்.

குழித்துறை அம்மா:
7.5 பத்தி அங்க யாருமே ஒரு வார்த்தை சொல்லலை டீச்சர். இப்ப அவ அப்பாவும் படிச்சாரு, பள்ளி மாத்துற பேச்சு இனி இல்ல. ஃபிசிக்ஸுக்கு சாரை வரச்சொல்றோம். டெஸ்ட் மட்டும் தனியா எழுத விடுறாங்களான்னு சென்டர்ல கேக்கப்போறோம்.

களியக்காவிளை அப்பா:
டெஸ்ட்டுக்கு நேர்லயே போய் எழுதட்டும் அக்கா, வீட்டுல மொபைல்ல எழுத விடாதீங்க. கெமிஸ்ட்ரிக்கு என்ன வழின்னு இன்னும் யாரும் சொல்லலை. அதுவும் 180 மார்க். நான் இப்பவும் வாரக்கடைசி பேட்ச்தான் சொல்லுவேன்.