மகளின் மேற்கையில் சொரசொரப்பாகச் சின்னக் குருக்கள், என்ன செய்யலாம்?

கேள்வி (களுவாஞ்சிகுடி)
மகளுக்கு 14 வயது. இரண்டு மேற்கையிலும் வெளிப்பக்கமாகப் பொடிப்பொடியாகக் குருக்கள். தடவினால் இறகு பிடுங்கிய கோழித் தோல் மாதிரி இருக்கிறது. கடியும் இல்லை, நோவும் இல்லை. கச்சான் காற்று தொடங்கிய பிறகு கூடிவிட்டது. தும்பால் தேய்த்துக் குளிக்க வைத்தேன், சிவந்ததுதான் மிச்சம். கட்டைக்கைச் சட்டை போடமாட்டேன் என்று அழுகிறாள். சாப்பாடு ஏதும் ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில் (அக்கரைப்பற்று)
கிணற்றுத் தண்ணீர் உவராக இருக்கும் அக்கா. வேப்பிலை அவித்துக் குளிக்க வையுங்கள்.

பதில் (செங்கலடி)
தங்கச்சி, முதலில் அந்தத் தும்பை நிறுத்துங்கள். எனக்கும் அந்த வயதில் இருந்தது, அம்மாவுக்கும் இருந்தது. கெரட்டோசிஸ் பிலாரிஸ் என்று தோல் கிளினிக்கில் சொன்னார்கள். கெரட்டின் என்ற புரதம் கூடிப்போய் மயிர்க்காலின் வாயை அடைத்துக்கொள்கிறது; நீங்கள் காணும் ஒவ்வொரு குருவும் அப்படி ஓர் அடைப்பு. சாப்பாட்டாலோ அழுக்காலோ வருவதில்லை, மற்றவருக்குத் தொற்றாது. பெரும்பாலும் பரம்பரையாக வரும். தோல் வறண்டால் கூடும், அதனால்தான் கச்சானில் இந்தப் பாடு. எனக்கு மாரியில் தானாக அடங்கும். வேப்பிலைத் தண்ணீரில் இந்த அடைப்புக் கரையாது.

சுடுதண்ணீர் வேண்டாம், காரமான சவர்க்காரமும் வேண்டாம். குளித்ததும் துவாயால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கிறீம் பூசுங்கள். 10 வீதம் யூரியா உள்ள கிறீம் நல்லது. ஓரிரு மாதம் விடாமல் பூச வேண்டும். நிறுத்தினால் திரும்பவும் வரும், அதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்
யூரியா என்றால் வயலுக்குப் போடும் பசளையா அக்கா? வீட்டில் ஒரு பை கிடக்கிறது. ஒரு பார்மசியில் பெட்டாமெத்தசோன் கிறீமும் தந்தார்கள், அதைப் பூசலாமா?

பதில் (செங்கலடி)
பொருள் ஒன்றுதான், ஆனால் பசளையைக் கரைத்து ஒருபோதும் பூசிவிடாதீர்கள்! தோலுக்கென்று செய்த கிறீமைத்தான் வாங்க வேண்டும். அதுவும் சிவப்பு ஆறிய பிறகு; இல்லாவிட்டால் எரியும். பெட்டாமெத்தசோன் ஸ்டீராய்ட். டாக்டர் சொல்லாமல் நாள்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும், அதை எடுத்து வையுங்கள்.

சீழ் வைத்தாலோ நொந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். இரவில் கடித்து, விரலிடுக்கிலும் குரு இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். அப்படியென்றால் வீட்டில் எல்லோருக்கும் மருந்து வேண்டிவரும். அவளுடைய வகுப்பில் இன்னும் எத்தனையோ பிள்ளைகளுக்கு இது இருக்கும். வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும்.

கேட்டவர்
விரலிடுக்கைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. தும்பை எறிந்துவிட்டேன். அப்புறம் இவருடைய மேற்கையைத் தடவிப் பார்த்தேன் அக்கா. அதே சொரசொரப்பு! மகளையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.