மாசா மாசம் டெஸ்ட் எடுக்குறோம், ஏற்காட்டுல நம்பர் விழுந்துருச்சு, டிரெய்னிங்கை மாத்தணுமா?

அஸ்தம்பட்டி_அப்பா:
வணக்கங்க. பொண்ணுக்கு 16 வயசு, இந்த வருஷம் பிளஸ் டூ போறா, 800 மீட்டர் ஓடுறா, பெஸ்ட் 2:27. தனி கோச் கிடையாது, ஸ்கூல் பி.டி. சார் எழுதிக் கொடுத்த ஷெட்யூலை வச்சு சேலம் காந்தி ஸ்டேடியத்துல காலையில நான்தான் வாட்ச் புடிக்கிறேன். ஜனவரியிலேர்ந்து மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை எல்லா டெஸ்ட்டும் எடுத்து நோட்டுல எழுதி வைக்கிறேன், கூப்பர் டெஸ்ட், பீப் டெஸ்ட், 30 மீட்டர், வெர்ட்டிகல் ஜம்ப், கடைசியா ஒரு 800 ட்ரையல், எல்லாம் ஒரே காலையில. கூப்பர்ல 12 நிமிஷத்துக்கு ஜனவரி 2440, பிப்ரவரி 2480, மார்ச் 2520 மீட்டர்னு நல்லா ஏறிட்டு வந்துச்சு. ஏப்ரல் பரீட்சையில விட்டுட்டோம்.

மே மாசம் இங்க வெயில் தாங்கலன்னு ஏற்காட்டுல அவ பெரியம்மா வீட்டுக்குப் போனோம், போன மூணாவது நாள் ஏரி பக்கத்து ரோட்டுல கூப்பர் வச்சேன், வாட்ச் 2370 காட்டுச்சு. விஓ2 மேக்ஸ், அதாவது உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கும்ங்குற கணக்கு, அதைப் போட்டா 45-லேர்ந்து 41.7-க்கு வந்துருச்சு. புள்ள ரோட்டோரம் உக்காந்து அழுதுட்டா, எனக்கு மனசே கேக்கல. ஸ்டாமினா போயிடுச்சுன்னு வாரத்துக்கு இன்னும் 10 கிலோமீட்டர் கூட்டலாமான்னு பாக்குறேன். டெஸ்ட்டையும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆக்கிடலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பி.டி.சார்_ஓமலூர்:
ஐயா, தயவுசெஞ்சு கிலோமீட்டரைக் கூட்டிடாதீங்க. முதல்ல அந்த ஏற்காடு நம்பரை நோட்டுல தனிப் பக்கத்துல எழுதுங்க, மார்ச் நம்பரோட சேத்து வச்சுப் பாக்கவே கூடாது. சேலம் கடல்மட்டத்துலேர்ந்து சுமார் 280 மீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேல போனா 1500 மீட்டர், அங்க காத்தோட அழுத்தம் இங்க இருக்குறதை விட சுமார் 13, 14 சதவீதம் கம்மி, மூச்சு அதே அளவு இழுத்தாலும் உடம்புக்குப் போற ஆக்சிஜன் கொறையும், அதுவும் மூணாவது நாள்ல உடம்பு இன்னும் பழகியிருக்காது. இது போக ரோடு மேடும் பள்ளமும், மரத்துக்கடியில ஜிபிஎஸ் வாட்ச் தூரத்தைச் சரியா காட்டாது. ஸ்டேடியத்துல ஆறு ரவுண்டு முடிச்சு இன்னும் 120 மீட்டர்னு அளந்து ஓடினதையும் இதையும் எப்படிங்க ஒண்ணா வைக்கிறது.

அந்த விஓ2 கணக்கு இருக்கே, தூரத்துலேர்ந்து 504.9 கழிச்சு 44.73-ஆல வகுக்குறது, அது 1968-ல கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப்படை ஆம்பளைங்க 115 பேரை ஓட வச்சு எடுத்தது. 16 வயசுப் பொண்ணுக்கு அது தோராயம்தான், மீட்டரை மட்டும் பாத்தா போதும்.

இன்னொண்ணு, அஞ்சு டெஸ்ட்டும் ஒரே காலையில வச்சா கடைசியில ஓடுற 800 களைப்பைத்தான் அளக்கும். பீப் டெஸ்ட் உங்களுக்கு வேண்டாம், 20 மீட்டர்ல திரும்பித் திரும்பி ஓடுறது கபடி, ஃபுட்பால், ஹாக்கி புள்ளைங்களுக்கு. 30 மீட்டரைக் கையால வாட்ச் புடிச்சா 0.2 செகண்ட் வரைக்கும் நம்ம விரலே தப்பு பண்ணும், அதனால 4.9, 4.8-ஆச்சுன்னு சந்தோஷப்பட ஒண்ணுமில்ல. 800-க்குத் தேவையான சக்தியில மூணுல ரெண்டு பங்கு மூச்சு சம்பந்தப்பட்டது, அதனால நான் என் புள்ளைங்களுக்கு அஞ்சு நிமிஷ ஓட்டம் வைப்பேன். 1200 மீட்டர் ஓடினான்னா செகண்டுக்கு 4 மீட்டர். அதுல 120 சதவீதம் 4.8, பதினஞ்சு செகண்டுக்கு 72 மீட்டர். 72-ல ஒரு கோன் வச்சு 15 செகண்ட் ஓட்டம், 15 செகண்ட் நிப்பு, எட்டு பத்து தடவை. அடுத்த டெஸ்ட்ல 1240 வந்தா கோன் 74-க்குப் போகும். டெஸ்ட் எடுத்தா ஏதாச்சும் ஒண்ணு மாறணும், கோன் நகரணும், இல்ல ரெஸ்ட் கூடணும். நோட்டுல எழுதி மூடி வைக்கிறதுக்கு எதுக்குங்க புள்ளைய ஓட வைக்கணும்.

ரெண்டு வாரம் ரொம்பக் கிட்ட. ஆறு வாரம் விடுங்க, முந்தின நாள் லேசான ஜாகிங் மட்டும், அதே டிராக், அதே நேரம், அதே ஷூ. சேலம் வந்து ஒரு வாரம் கழிச்சு மறுபடி கூப்பர் வச்சுப் பாருங்க.

லெஃப்ட்_ஆர்ம்_மீடியம்:
நான் கிரிக்கெட், பக்கத்துல சின்னப்பம்பட்டி நடராஜன் அண்ணன் இந்தியாவுக்கு ஆடினதுலேர்ந்து எங்க ஊர்ப் பசங்க எல்லாருக்கும் யோயோ டெஸ்ட் (பீப் டெஸ்ட் மாதிரியே திரும்பித் திரும்பி ஓடுறது) வெறி புடிச்சிருச்சு. 2018-ல இந்தியா டீமுக்குள்ள வர 16.1 லெவல் வச்சிருந்தாங்கன்னு கேட்டு நாங்களும் வாரா வாரம் அதையே ஓடினோம், நம்பர் ஏறுச்சு, பௌலிங் ஏறல, ஏன்னா டெஸ்ட்டுக்குத்தான் பிராக்டிஸ் பண்ணியிருக்கோம். சார் சொன்னது நூறு சதவீதம் சரி.

தங்கச்சிக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன்ணா, சுவத்துல சாக்பீஸ் வச்சு எட்டிக் குதிச்சு கோடு போடச் சொல்லுங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை, மூணு குதி, அதுல பெஸ்ட். எப்பவும் வர்றதை விட மூணு நாலு சென்டிமீட்டர் கீழ வந்துச்சுன்னா அன்னிக்கு ஸ்பீட் வொர்க்கை விட்டுட்டு மெதுவா ஓட்டம். இது யாரையும் அழ வைக்காத டெஸ்ட்.

மேட்டூர்_அக்கா:
அண்ணா, என் பொண்ணும் 1500 ஓடினவ. நீங்க சொன்னதைப் படிச்சதும் எங்க வீட்டு நெனப்புதான் வந்துச்சு. எங்களுக்கு மலையும் இல்ல ஒண்ணும் இல்ல, நம்பர் மட்டும் ரெண்டு மாசமா இறங்கிட்டே இருந்துச்சு. சோம்பேறியாயிட்டான்னு அங்க ஒருத்தர் இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடச் சொன்னாரு, நானும் நம்பிட்டேன், அதை இன்னிக்கு நெனச்சாலும் வருத்தமா இருக்கு. அப்புறம் ரத்த டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 9.8. இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு 12-க்குக் கீழ போனாலே ரத்தசோகைதான். மாசாமாசம் ரத்தம் போகுது, அது மேல ஓட்டம் வேற.

பொண்ணு கிட்ட மாதவிலக்கு தேதியையும் நோட்டுல குறிக்கச் சொல்லுங்க, அவ உங்க கிட்ட சொல்லக் கூச்சப்பட்டா அம்மா கேக்கட்டும். காலையில எந்திரிக்கிறதுக்கு முன்னாடி படுத்தபடியே நாடி எண்ணச் சொல்லுங்க. எப்பவும் இருக்குறதை விட ஏழெட்டு கூடி ரெண்டு மூணு நாள் அப்படியே நின்னா ஏதோ சரியில்லன்னு அர்த்தம், தூக்கமோ காய்ச்சலோ ரத்தமோ. சாப்பிட்ட உடனே டீ குடிக்கிற பழக்கம் இருந்தா நிறுத்துங்க, இரும்புச்சத்து உடம்புல சரியா சேராது. மாத்திரை மட்டும் டாக்டர் சொல்லாம வாங்கிடாதீங்க.

அஸ்தம்பட்டி_அப்பா:
மூணு வாரம் கழிச்சு எழுதறேங்க, எல்லாருக்கும் நன்றி. சேலம் வந்து ஒம்போது நாள் விட்டு, காலையில ஆறு மணிக்கு அதே டிராக்ல கூப்பர் வச்சோம். 2430. ஏற்காட்டை விடக் கூட, ஆனா மார்ச்சை விட 90 மீட்டர் கம்மி. அப்ப மலை மட்டும் காரணம் இல்லன்னு புரிஞ்சுது. நாடியும் ஒரு வாரமா பாத்தோம், எப்பவும் 58, 60 இருக்கும்னு சொல்றா, இப்ப 68. அக்கா சொன்னது மனசுல உறுத்திட்டே இருந்துச்சு, ரத்தம் எடுத்துப் பாத்தோம், ஹீமோகுளோபின் 10.4, ஃபெரிட்டினும் (உடம்புல இருக்குற இரும்புச்சத்து சேமிப்பு) கம்மியாம். பரீட்சை மாசத்துல ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிச்சுட்டு டீயும் பிஸ்கட்டுமா இருந்திருக்கா, நான் கவனிக்கல. டாக்டர் மாத்திரை எழுதியிருக்காரு, ரெண்டு மூணு மாசம் ஆகும்னாரு.

பி.டி.சார்_ஓமலூர்:
நல்ல வேளைங்க, அந்த 10 கிலோமீட்டரைக் கூட்டாம விட்டீங்க. இப்ப அந்த 15 செகண்ட் ஓட்டம் மாதிரி இன்டர்வல் எல்லாம் நிறுத்துங்க, டாக்டர் சரின்னா வாரத்துல நாலு நாள் பேசிட்டே ஓடுற வேகம், அவ்வளவுதான். 72 கோன் காத்திருக்கட்டும். பாப்பா கிட்ட அந்த 2370 அவ மனசு தளர்ந்ததால வந்தது இல்லவே இல்லன்னு நீங்களே வாயால சொல்லுங்க, அது முக்கியம்.

அஸ்தம்பட்டி_அப்பா:
சொல்லிட்டேன் சார். "அப்ப நான் மூச்சுப் புடிக்க முடியலன்னு சொன்னது நெசம்தானப்பா"ன்னா, எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. நோட்டுல இப்ப நாலு கட்டம் போட்டிருக்கா, நாடி, தூக்கம், ஜம்ப், தேதி, அவ கையாலயே எழுதறா. அடுத்த கூப்பர் டாக்டர் மறுபடி ரத்தம் பாத்ததுக்கு அப்புறம்தான். அது வரைக்கும் மாடிப்படி சுவத்துல சாக்பீஸ் கோடு மட்டும், நேத்து 41 சென்டிமீட்டர்.